ஒன்பதாவது கம்பி

எங்கள் அண்ணி இருபத்திரண்டு வருஷமாக இந்த மலைக்கு ஆட்களை அழைத்துப் போகிறாள். அடிவாரத்து டிக்கெட் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு கிழிக்கிறவள் நான்தான், அதனால் எனக்குத் தெரியும். அண்ணி அழைத்துப் போனவர்கள் லட்சம் பேரைத் தாண்டுவார்கள். அத்தனை பேரும் உச்சிக்குப் போய், காற்றில் தலை கலைந்து, வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். அண்ணி மட்டும் போன மாசம் வரைக்கும் ஒரு தடவைகூட உச்சிக்குப் போனதில்லை.

சிரிக்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். மலை ஏறாத வழிகாட்டியா என்று கேட்கத் தோன்றும்தான். முழுசாகச் சொல்கிறேன், அப்புறம் சிரிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயசு, எனக்குப் பத்தொன்பது. என் அண்ணன் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். கீழே கடை, மேலே வீடு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏதாவது ஒரு பம்ப்செட் மோட்டார் கீழே உறுமிக்கொண்டே இருக்கும். சாப்பிட வா என்று மாடியிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். வந்த ஒரு வாரத்தில் அண்ணி மோட்டாரையே அமுக்கிவிட்டாள். அவள் ஒரு குரல் கொடுத்தால் தெருக்கோடியில் சைக்கிள் ஓட்டிப் போகிறவன் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்ப்பான். தெருவே அவளுக்கு ‘மைக்’ என்று பெயர் வைத்துவிட்டது. அண்ணனோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம், அதில் பாதி ‘ம்’. கடவுள் நன்றாகத்தான் கணக்குப் போட்டு இரண்டு பேரையும் சேர்த்திருக்கிறார்.

அப்போதே நான் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மத்தியானம் அண்ணி எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். ஒருநாள் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள், வழிகாட்டியைக் காணோம். மொத்தம் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் ஆம்பிளைகள். மூன்று பேர் மேலே போயிருந்தார்கள், நாலாமவர் காய்ச்சலில் படுத்திருந்தார். வந்தவர்கள் வெயிலில் நின்று என் கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். அண்ணி டிபன் டப்பாவை என் மேஜையில் ‘டங்’கென்று வைத்துவிட்டு வெளியே போனாள்.

“ஏங்க, கத்தாதீங்க. இந்த மலை எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? உக்காருங்க, சொல்றேன்.”

உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி சொன்ன கதை இதுதான். ஒரு ராட்சசி இருந்தாளாம். அவளுடைய தங்கை தனிக்குடித்தனம் போனாள். அடுப்புக்கு மூன்று கல் வேண்டுமே என்று அக்காவைக் கேட்டாள். அக்காக்காரி இரண்டு கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மூன்றாவது கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்த இடம் வந்ததும் கால் கடுத்தது. இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். அந்த மூன்றாவது கல்தான் இந்த மலை. பாறையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறதே, அது அவள் தலைச் சும்மாடு பதிந்த தடம்.

மற்ற வழிகாட்டிகள் எல்லாரும் ராட்சசி சாபத்தால் கல்லாகிவிட்டாள் என்று முடிப்பார்கள். அண்ணி அப்படி முடிக்கவில்லை.

“சாபமாவது ஒண்ணாவது. கோவம்ங்க! ‘நானே மூணு கல்லையும் தூக்கணுமா, இவ ஒரு கல்லு தூக்கினா கை தேஞ்சா போயிடும்?’னு உக்காந்துட்டா. தங்கச்சி வீட்டு அடுப்பு இன்னைக்கும் ரெண்டு கல்லுல ஆடிட்டு இருக்கு.”

பஸ்ஸே சிரித்தது. சண்டைபோட்ட ஆள்தான் முதலில் கைதட்டினார். அடுத்த வாரமே ஆபீசிலிருந்து கூப்பிட்டு அண்ணிக்கு ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். நீல ரிப்பனில் தொங்குகிற பிளாஸ்டிக் அட்டை, அதில் முழித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. அன்று சாயங்காலம் அதைக் கழற்றாமலேயே சமைத்தாள், கழற்றாமலேயே சாப்பிட்டாள். அண்ணன் பார்த்துவிட்டு, “ம்” என்றான். சந்தோஷமான ‘ம்’.

வேலையில் சேருவதற்கு முந்தின நாள் நானும் அவளும் மலையைப் பார்த்து வரப் போனோம். எழுநூற்றுப் பன்னிரண்டு படி. கருங்கல்லிலேயே வெட்டினது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். பத்து மணிக்கு மேல் பாறை தோசைக்கல் மாதிரி காயும், அதற்குள் ஏறிவிட வேண்டும். அண்ணி குடுகுடுவென்று ஏறினாள். படியெல்லாம் முடிந்ததும் ஒரு சமதளம், அங்கேயிருந்து செங்குத்தாக வழவழவென்று பாறை. அதில் ஓர் இரும்பு ஏணி அடித்து வைத்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டுக் கம்பி. அது முடிந்தால் உச்சி.

அண்ணி எட்டுக் கம்பி ஏறினாள். ஒன்பதாவதில் கையை வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ன அண்ணி?”

அந்தக் குரலிலிருந்து பதில் வரவில்லை என்றதும் ஏறிப்போனேன். பார்த்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கம்பியை உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உடம்பெல்லாம் உதறுகிறது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் இறக்கினேன். கீழே வந்து அரைமணி நேரம் கழித்துத்தான் சொன்னாள்.

“கால்ல இருந்து உசுரே உருவிட்டுப் போன மாதிரி ஆயிடுச்சுடி. யார்கிட்டயும் சொல்லிடாத. உங்க அண்ணன்கிட்டகூட.”

“வேலை?”

“அதெல்லாம் பாத்துக்கலாம். மேல என்ன இருக்கு, அதை மட்டும் நீ சொல்லு.”

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரே ஒரு தடவை மேலே போயிருக்கிறேன். மூச்சு வாங்கி, தலை சுற்றி, ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தவள் நான். ராட்சசியின் குதிகால் அழுந்தின இரண்டு குழி இருக்கும், மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும், அதுதான் ஞாபகம். அண்ணி விடவில்லை. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம், தண்ணி எப்படி இருக்கும் என்று நோண்டி நோண்டிக் கேட்டாள். எனக்குப் பசி வேறு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“ஒரு குழியில தண்ணி சுடும் அண்ணி, இன்னொண்ணுல ஜில்லுனு இருக்கும். போதுமா?”

போதும் என்றால் போதுமா! மறுநாளே அது கதையில் ஏறிவிட்டது. “ஒரு காலு கோவத்துல கொதிக்குதுங்க, இன்னொரு காலு தங்கச்சி பாவம்னு குளிர்ந்து கெடக்கு. மேல போய் விரலை விட்டுப் பாருங்க!” போனவர்கள் விரலை விட்டுப் பார்த்தார்கள். கீழே வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? “ஆமாம்மா, நீங்க சொன்ன மாதிரியேதான், ஒண்ணு சூடு, ஒண்ணு ஜில்லு!” முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாறு வருஷம் கழித்து அடிவாரத்தில் பெரிய தகவல் பலகை வைத்தார்கள், அதிலும் அச்சடித்துவிட்டார்கள். அன்றைக்குச் சிரிப்பு போய்விட்டது. இனிமேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது? கவுண்டரில் உட்கார்ந்தால் எதிரே அந்தப் பலகைதான். தினமும் என்னை முறைத்தது.

அண்ணி மேலே போகாதது எப்படி யாருக்கும் தெரியவில்லை என்று கேட்பீர்கள். ஏணி ஏறும்போது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். பை, குடை, கைத்தடி எல்லாவற்றையும் ஏணி அடியில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அதற்குக் காவலாக ஒருவர் கீழே நிற்பது வழிகாட்டிகளுக்குள் வழக்கம், மாறி மாறி நிற்பார்கள். அண்ணி, “நீங்க போய்ட்டு வாங்கண்ணே, நான் நிக்கறேன்” என்று எப்போதும் தானே நின்றுவிடுவாள். மேலே போனால் எல்லாரோடும் போட்டோ எடுத்துக்கொள்ளலாமே, அதனால் மற்றவர்களுக்கு இது வசதி. எவ்வளவு நல்ல மனசு என்று புகழ்ந்தார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று அதற்கும் புகழ்ந்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஏணி அடியில் அண்ணி சும்மா நிற்க மாட்டாள். மேலே பார்த்து முகம் வெளிறி நிற்கிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள். எனக்கு வேண்டாம், நீங்கள் போய் வாருங்கள் என்று பல்லைக் காட்டிச் சமாளிப்பார்கள். அண்ணி அவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். பக்கத்தில் போய், கீழே இருந்தபடியே ஒவ்வொரு கையாக, ஒவ்வொரு காலாகச் சொல்லிச் சொல்லி ஏற்றிவிடுவாள். அவர்கள் உச்சிக்குப் போய்க் கையாட்டும் வரைக்கும் அவள் வாய் ஓயாது.

இப்படியே இருபத்திரண்டு வருஷம். மகளைப் பெற்று, வளர்த்து, படிக்க வைத்து வெளியூருக்கு வேலைக்கு அனுப்பினாள். தலையில் நரை எட்டிப் பார்த்தது. பேட்ஜில் போட்டோவை மூன்று தடவை மாற்றினார்கள், மூன்றிலும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். முப்பது வயசுகூட இருக்காது. ஒல்லியான பொண்ணு, கையில் ஒரு பிளாஸ்க், ஒரு நோட்டு. சிரிக்கவே மாட்டார். வந்ததும் பத்து நாள் ஏணி அடிவாரத்துச் சமதளத்தில் ஓரமாக உட்கார்ந்து என்னவோ எழுதிக்கொண்டே இருந்தார். யாருக்கு வேட்டு வைக்கப் போகிறாரோ என்று எல்லாரும் பயந்தார்கள். பதினோராம் நாள் ஆபீஸ் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். எல்லா வழிகாட்டிகளும் ஒரு கூட்டத்தை அடிவாரத்திலிருந்து உச்சிவரை மேனேஜர் முன்னால் அழைத்துப் போக வேண்டும். உச்சியில் நின்று கதையைச் சொல்ல வேண்டும். அதில் தேறுகிறவர்களுக்குத்தான் புது பேட்ஜ்.

அன்றைக்கு வீட்டில் சத்தமே இல்லை. நான் அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறேன். வேலை முடிந்து நேராக அங்கே போனால், அண்ணன் மாடிப்படியில் நின்றுகொண்டு குழப்பத்தோடு என்னைப் பார்த்தான்.

“மேல மோட்டார் ஏன் ஓடல?” என்றான்.

அண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி காரணமாக வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று. எனக்கு வந்ததே கோபம்!

“முழங்காலா? நேத்து கரண்ட் இல்லாதப்ப மொட்டைமாடி வரைக்கும் தண்ணி தூக்கினீங்களே, அந்த முழங்காலா?”

“உனக்கென்னடி தெரியும். ஒன்பதாவது கம்பியில நான் தொங்கறதை கூட்டமே வேடிக்கை பாக்கணுமா? அந்த ஒல்லிப் பொண்ணு நோட்டுல எழுதணுமா?”

“நின்னுட்டு என்ன பண்ணுவீங்க?”

அண்ணி பேனாவைக் கீழே போட்டாள், அழுதுவிட்டாள். “தெரியலடி. காலையில எழுந்தா அந்த அட்டையை மாட்டிக்கிட்டாதான் நான் நானா இருக்கேன். அது இல்லன்னா வீட்டுக்குள்ள உக்காந்து யார்கிட்ட பேசுவேன்? உங்க அண்ணன்கிட்டயா?”

அழுகையிலும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் அந்தத் தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தேன். பரிட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

கடையில் பரணுக்கு ஏற ஒரு மர ஏணி உண்டு. அதில் பழகலாம் என்று யோசனை சொன்னது நான்தான். பதினோரு கம்பி. அண்ணன் வெளியே போயிருந்த ஒரு சாயங்காலம் ஆரம்பித்தோம். அண்ணி நாலாவது கம்பியிலேயே கண்ணை மூடினாள். நான் கீழிருந்து அதட்ட, அவள் மேலிருந்து என்னைத் திட்ட, நடுவில் அண்ணன் வந்து நின்றான். தோளில் ஒரு பழைய மோட்டார். எங்கள் வாயில் ஈ போவது தெரியவில்லை.

அண்ணி ஏணியிலிருந்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒன்பதாவது கம்பி, முழங்கால் வலிக் கடுதாசி, வரப்போகிற பரிட்சை, இருபத்திரண்டு வருஷத்தையும் ஒரே மூச்சில். அண்ணன் ஒன்றுமே கேட்கவில்லை. மோட்டாரை இறக்கி வைத்தான், கையைத் துடைத்தான், வந்து ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“ஏறு” என்றான்.

பன்னிரண்டு நாளில் பதினோரு கம்பியும் ஏறி, பரணில் உட்கார்ந்து டீ குடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் பரண் வேறு, மலை வேறு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பரிட்சை நாள் காலையில் நான் லீவு போட்டுவிட்டு அண்ணியோடு போனேன். அண்ணன் வரவில்லை, கடையில் வேலை இருக்கிறது என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. இன்றைக்குக்கூடவா வேலை?

கூட்டத்தில் எட்டுப் பேர். பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஒரு மனுஷர், அவர் மனைவி, அப்புறம் ஒரே ஆபீசில் வேலை பார்க்கிற ஆறு பேர். பின்னாலேயே பிளாஸ்கும் நோட்டுமாக மேனேஜர். எழுநூற்றுப் பன்னிரண்டு படியும் அண்ணி அசத்தினாள். ராட்சசி கோபித்துக்கொண்ட இடத்தில் தொப்பிக்காரரின் மனைவி சிரித்துச் சிரித்து இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. எழுதினார்.

ஏணி அடிக்கு வந்தோம். இன்னொரு வழிகாட்டி பைகளுக்குக் காவல் நின்றார். மேனேஜர் அண்ணியைப் பார்த்து, “நீங்க முதல்ல ஏறுங்க” என்றார்.

அண்ணி ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு. ஒன்பதாவது கம்பியில் கை வைத்தாள்.

நின்றுவிட்டாள்.

கீழே எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். காற்று அவள் புடவைத் தலைப்பை அடிக்கிறது. ஒரு நிமிஷம் ஆயிற்று. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நான் போய் விரலைப் பிரித்து இறக்கத்தான் வேண்டும் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அப்போது அந்தக் குரல் கேட்டது.

“பயப்படாதீங்கம்மா. நான் இருக்கேன்ல? கீழ பாக்காதீங்க. மேலயும் பாக்காதீங்க. மூக்குக்கு நேரா ஒரு கம்பி இருக்கு பாருங்க, அதை மட்டும் பாருங்க. வலது கையை எடுங்க. எடுத்தாச்சா? மேல் கம்பியைப் புடிங்க. சபாஷ். இப்ப இடது காலு.”

யாரிடம் சொல்கிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். லட்சம் பேரை ஏற்றிவிட்ட வார்த்தைகளை, ‘அம்மா’ போட்டு, ‘ங்க’ போட்டு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொள்கிறாள். என் கண் நிறைந்துவிட்டது.

தொப்பிக்காரருக்கு அது எங்கே தெரியும்? தங்களுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். “ஆகட்டும்மா, வந்துட்டோம்!” என்று ஏணியில் கால் வைத்தார். அவர் பின்னால் அவர் மனைவி. அப்புறம் அந்த ஆபீஸ்காரர்கள் வரிசையாக. “சார், கொஞ்சம் இருங்க சார்” என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? அண்ணி சொல்லச் சொல்ல, வலது கை, இடது கால் என்று மொத்தக் கூட்டமும் தாளம் தப்பாமல் ஏறுகிறது.

அண்ணி பிற்பாடு என்னிடம் சொன்னாள். “பத்தாவது கம்பியில, போதும்டா சாமி, இறங்கிடலாம்னு முடிவே பண்ணிட்டேன்டி. இடது காலை கீழ விட்டேன். கால்ல என்னவோ மெத்துனு பட்டுச்சு. தொப்பி!”

கீழே வழி அடைத்துவிட்டது. எட்டுப் பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறார்கள். அவள் நிறுத்தினால் அவர்களும் நிற்க வேண்டும், அவள் பயந்தால் அவர்களும் பயப்படுவார்கள். வேறு வழியில்லை, சொல்லிக்கொண்டே போனாள். “சபாஷ்மா… அவ்வளவுதான்… இன்னும் கொஞ்சம்தான்…” குரல் நடுங்குகிறது, ஆனால் நிற்கவில்லை. மேனேஜர் ஏறினார், கடைசியாக நான் ஏறினேன். நாற்பத்தெட்டாவது கம்பியைத் தாண்டித் தலையை நீட்டினால், அண்ணி உச்சிப் பாறையில் நாலு காலில் நிற்கிறாள். அப்படியே குப்புறப் படுத்து, கருங்கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். தொப்பிக்காரர் அதையும் இந்த மலையில் செய்ய வேண்டிய மரியாதை என்று நினைத்துத் தானும் படுத்தார்.

எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு குழியும் எதிரேதான் இருந்தன, நிறையத் தண்ணீரோடு. அண்ணி தவழ்ந்தே போய் ஒரு குழியில் விரலை விட்டாள். அடுத்ததில் விட்டாள். மறுபடி முதல் குழியில் விட்டாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அதற்குள் கூட்டம் வந்து குனிந்து விரலை விட்டது. “அட, ஆமா! இது நல்லா சுடுது!” என்றார் தொப்பிக்காரர். “இது ஐஸ் மாதிரி இருக்குங்க” என்றார் அவர் மனைவி. மேனேஜர் நோட்டைத் திறந்துகொண்டு, “சொல்லுங்க” என்றார்.

அண்ணி எழுந்து நின்றாள்.

“இல்லைங்க. நல்லா தொட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. சூடும் இல்ல, ஜில்லும் இல்ல. இருபத்திரண்டு வருஷமா நான்தான் அப்படிச் சொல்லிட்டு இருக்கேன். பலகையில எழுதினதும் என் வாயால வந்ததுதான். நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா மேல வர்றேன். ஏணின்னா எனக்கு பயம். அதான் கீழயே நின்னேன். மன்னிச்சுக்கோங்க.”

“நான்தான் அப்படி சொல்லிக்கொடுத்தேன் மேடம், அவங்க மேல தப்பில்ல” என்று நான் முன்னால் போனேன். மேனேஜர் என்னைக் கையமர்த்தினார். தொப்பிக்காரர் மறுபடி விரலைவிட்டுப் பார்த்து, “ஒரே மாதிரிதான் இருக்கு” என்று தன்பாட்டுக்கு முணுமுணுத்தார்.

மேனேஜர் நோட்டில் முன்பக்கம் திருப்பினார்.

“பத்து நாள் ஏணி அடியில உக்காந்து எழுதினேன். மத்தவங்க கூட்டத்துல மூணுல ஒருத்தர் பயந்து கீழயே நின்னுடறாங்க. பஸ்ஸுல வந்து, எழுநூறு படி ஏறி, மேல வராமலே திரும்பிப் போறாங்க. உங்க கூட்டத்துல ஒருத்தர்கூட நிக்கல. நீங்க சொன்னா மட்டும் எப்படி ஏறிடறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. இப்ப புரியுது, அந்த பயம் உங்களுக்கும் தெரியும்.” அப்புறம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்: “தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னது தப்பு. பலகையைத் திருத்தி எழுதிக் குடுங்க. பேட்ஜ் நாளைக்கு வாங்கிக்கோங்க. மத்த நாலு பேருக்கும் ஏணியில எப்படிப் பேசணும்னு நீங்கதான் சொல்லித்தரணும்.”

அண்ணி அழவில்லை, நான்தான் ஓவென்று அழுதேன். அவள் என் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். நியாயமான திருகு. “கழுதை, சுடுமாம்ல, ஜில்லுனு இருக்குமாம்ல” என்றாள். இன்னும் வலிக்கிறது.

அப்புறம்தான் அவள் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். ஊர் முழுக்கக் கீழே கிடந்தது. ரோடு, பஸ் ஸ்டாண்டு, தண்ணி டேங்க். விரலை நீட்டி நீட்டி எங்கள் தெருவைத் தேடினாள். கண்டுபிடித்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அங்க பாருடி. நம்ம மொட்டைமாடியில என்னவோ ஆடுது.”

பார்த்தேன். எறும்பு மாதிரி ஓர் ஆள். கையில் வெள்ளையாக ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு தலைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டே இருக்கிறான். ஓயவே இல்லை. அண்ணி இரண்டு கையையும் வாயருகே குவித்து, “ஏங்க! ஏறிட்டேங்க!” என்று ஒரு குரல் கொடுத்தாள். தொப்பிக்காரரின் தொப்பியே பறந்திருக்கும். அவ்வளவு தூரத்துக்கு எங்கே கேட்கப்போகிறது? ஆனாலும் மூன்று தடவை கூப்பிட்டாள். இறங்கும்போது நான் கீழே நின்று ஒவ்வொரு காலாகச் சொல்ல, ஒரு வழியாக வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்குப் போனால் அண்ணன் கடையில் குனிந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தான். வலது தோளை இடது கையால் அமுக்கிவிட்டுக்கொண்டான். கொடியில் துவைத்த வெள்ளை பெட்ஷீட் ஒன்று கசங்கித் தொங்கியது.

“எவ்வளவு நேரம் ஆட்டினீங்க?” என்றாள் அண்ணி.

“ஏழு மணியில இருந்து.”

நாங்கள் உச்சிக்குப் போனபோது மணி ஒன்பதரை. அண்ணி அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் ஏறிடுவேன்னு எப்படிங்க நினைச்சீங்க?”

“நினைக்கல. ஏறிட்டா, மேல வந்து நம்ம வீட்டைத்தான தேடுவ.”

“ஏறாம இருந்திருந்தா?”

அண்ணன் கம்பியை ஒரு சுற்று சுற்றினான்.

“பெட்ஷீட் காஞ்சிருக்கும்” என்றான்.